லயத்துப் பின்னால் முதல் கீரை

மார்ச்சுக் கடைசியில் மழை இறங்கிவிட்டால் கோலசிலாங்கூர்ப் பக்கம் மண்வெட்டிக்கு வேலை வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இறுகிக் கிடந்த மண் இளகுவது அப்போதுதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரிலிருந்து வந்த பாட்டிமார் சொன்னார்கள். இங்கே ஆடி பார்த்தால் ஆகாது, மழையைத்தான் பார்க்கணும்.

லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறி நிலம் துரை மனமிரங்கித் தந்தது என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படியல்ல தோழர்களே! குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் 2,700 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி வராமல் போனபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டு நம் ஆட்கள் உயிர் பிடித்திருந்தது இப்படிப்பட்ட துண்டு நிலங்களில்தான்.

இன்று அந்த அளவு நிலம் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. அதன் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் தொடங்கிய செம்பனை, லயத்து வாசல் வரை வந்துவிட்டது. மிஞ்சிய இடத்தில் ஆளுக்கு நாலு செடி வைத்தால் யாருக்கும் குழம்புக்கு ஆகாது. ஆகவே நாலைந்து வீடு சேர்ந்து செய்யலாம் என்கிறோம்.

இது புது யோசனையல்ல. ஜப்பானில் 1970-களிலேயே வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி விவசாயியிடம் நேரே பேசி, விளைவதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1986-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் விதைக்கும் முன்பே பணம் கட்டி, அறுவடையில் பங்கு வாங்கும் பண்ணைகள் தொடங்கின. மழை பொய்த்தால் நட்டமும் எல்லோருக்கும்தான். கூட்டு கட்டத் தெரிந்த நமக்கு இதையா விளக்கணும்? (பணக்கூட்டை 1971-லேயே சட்டம் தடுத்துவிட்டது. கீரைக்கூட்டுக்குத் தடையில்லை!)

கடலோரத் தோட்டங்களில் களிமண், ராஜா மூசா பக்கம் புளித்த கரிமண். இரண்டுக்குமே மேட்டுப் பாத்தியும் நல்ல கானும் வேண்டும். கரிமண்ணுக்குச் சுண்ணாம்புத் தூளும் போடணும். அந்த மண்ணில் குப்பைக்குத் தீ வைக்கவே வைக்காதீர்கள், அடியில் புகைந்துகொண்டே போகும். மில்லில் கிடைக்கும் வெற்றுக் குலையைப் பாத்தி மேல் பரப்பினால் ஈரம் நிற்கும்.

தண்டுக்கீரையும் கங்கோங்கும் மூன்று, நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வெண்டையும் பயித்தங்காயும் ஒன்றரை மாதம். கத்தரி, மிளகாய் இரண்டு மாதத்துக்கு மேலேயே இழுக்கும். அதனால் கீரையை முதலில் தூவுங்கள். முதல் மாதமே ஆளுக்கு ஒரு கட்டு போனால்தான் பங்குக்காரர்கள் அடுத்த மாதமும் தண்ணீர் ஊற்ற வருவார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். காலியான மருந்துத் தோம்பில் தண்ணீர் பிடிக்க வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. அதற்குள் எத்தனை பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள்! மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. பக்கத்து நிரையில் மருந்தடிக்கும் நாளை மண்டோரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முதல் நாளே கீரையைப் பறித்துவிடுங்கள்.

பயித்தங்கொடியில் நல்ல காயாக நாலைந்தைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். அக்டோபர் மழைக்கு விதை ஆச்சு. பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் மட்டும் அது பலிக்காது, கடைக்குத்தான் போகணும்.