அம்மாவுக்கு டெலிபோன் செய்யும் கதாநாயகன்: 30 ஆண்டாக மவுசு குறையாத ஜப்பான் வீடியோ விளையாட்டு

வீடியோ விளையாட்டு என்றதும் நமக்கு எது நினைவுக்கு வருகிறது? துப்பாக்கி வெடிக்கும். கார் பறக்கும். ஒருவன் இன்னொருவனை உதைத்துத் தள்ளுவான். அந்தக் கதாநாயகனுக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது. பெற்ற தாயின் நினைவு அறவே கிடையாது.

ஜப்பானில் 1994-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு விளையாட்டு இதற்கு நேர்மாறானது. அதன் கதாநாயகன் நெஸ் என்ற சிறுவன். தலையில் தொப்பி, முதுகில் பை, கையில் பேஸ்பால் மட்டை. இந்தக் கோலத்தில் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறான். ஆனால் போகிற வழியில் அவனுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிடும். எதிரி கண்முன்னால் நிற்பான். பையன் மட்டையை ஓங்காமல் அம்மாவை நினைத்துக்கொண்டு சும்மா நிற்பான். எதிரி இதுதான் சமயம் என்று அடித்துவிடுவான்.

இந்த நோய்க்கு மருந்து டெலிபோனில் இருக்கிறது. எங்கேயாவது ஒரு டெலிபோனைத் தேடிப் பிடித்து வீட்டுக்குப் பேச வேண்டும். அம்மாவின் குரலைக் கேட்டதும் பையன் பழைய தெம்புக்கு வந்துவிடுவான்.

விளையாட்டின் பெயர் 'மதர் 2'. அமெரிக்காவில் அதற்கு 'எர்த்பவுண்டு' என்று பெயர் வைத்தார்கள். அங்கே வந்த புதிதில் படுதோல்வி. ஆனால் அதே விளையாட்டை 30 ஆண்டு கழித்தும் ஆடுகிறார்கள். ஆடாதவர்களிடம் ஆடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

விளம்பரம் எழுதியவர்

இதை உருவாக்கியவர் ஷிகெசாட்டோ இட்டோய். 1948-ஆம் ஆண்டு குன்மா மாகாணத்தின் மாயெபாஷி நகரில் பிறந்தவர். கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல. விளம்பர வாசகம் எழுதுவது அவருடைய தொழில். செய்பு என்ற பெரிய கடைக்கு அவர் எழுதிக் கொடுத்த வாசகங்கள் 1980-களில் ஜப்பான் முழுவதும் பேசப்பட்டன.

அந்த நாளில் 'டிராகன் குவெஸ்ட்' என்ற கதை விளையாட்டு ஜப்பானைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வாள், கேடயம், மந்திரவாதி, டிராகன் எல்லாம் அதில் உண்டு. இட்டோயும் அதை ஆடினார். மயங்கினார். கூடவே ஒரு யோசனை வந்தது. இதே மாதிரி ஒரு கதை, கோட்டை கொத்தளம் இல்லாமல், நம் காலத்து ஊர் ஒன்றில் நடந்தால் எப்படி இருக்கும்?

நிண்டெண்டோ கம்பெனியை அணுகினார். 1989 ஜூலையில் முதல் விளையாட்டு 'மதர்' வெளிவந்தது. சண்டை போடும் விளையாட்டுக்குத் தாய் என்று பெயர் வைத்த ஆசாமி அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். தாய் தந்தையைப் பிரிந்த துயரத்தை வைத்து ஜான் லெனன் 1970-இல் பாடிய 'மதர்' என்ற பாட்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கேட்டவர்

இரண்டாவது விளையாட்டு எளிதாகப் பிறந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. முடிகிற வழியாக இல்லை. கைவிட்டுவிடலாமா என்கிற நிலைமை.

அப்போது உதவிக்கு வந்தவர் ஹால் என்ற கம்பெனியின் சட்டோரு இவாட்டா. செய்து வைத்திருந்ததைப் பார்த்தார். இதையே பழுது பார்த்துக்கொண்டு போனால் இரண்டு ஆண்டு பிடிக்கும். அடியிலிருந்து புதிதாகத் தொடங்கினால் ஆறு மாதத்தில் வழிக்குக் கொண்டுவரலாம் என்றார். புதிதாகவே தொடங்கினார்கள். 1994 ஆகஸ்டு 27-ஆம் தேதி விளையாட்டு கடைக்கு வந்தது. இந்த இவாட்டாதான் 2002-இல் நிண்டெண்டோவின் தலைவரானார். 2015-இல் காலமானார்.

பெரியவர்களும் ஆடலாம், குழந்தைகளும் ஆடலாம், இளம்பெண்களும் ஆடலாம் என்ற பொருளில் இட்டோய் அதற்கு விளம்பர வாசகம் எழுதினார். ஜப்பானில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

பார்த்த முகங்கள்

கதை நடக்கும் நாடு அமெரிக்காவின் சாயலில் அமைந்த ஒரு கற்பனை நாடு. ஓனெட் என்ற சிற்றூர். ஒரு ராத்திரி ஊருக்கு வெளியே விண்கல் விழுகிறது. அதிலிருந்து வெளிவரும் வண்டு போன்ற ஒரு பூச்சி, தான் எதிர்காலத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்கிறது. கீக் என்ற தீய சக்தி உலகத்தை அழிக்கப்போகிறது, நீதான் தடுக்க வேண்டும் என்று நெஸிடம் கூறுகிறது. இவ்வளவு பெரிய தூது சொன்ன பூச்சியைச் சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரே அடியில் அடித்துப் போட்டுவிடுகிறாள்!

விளையாட்டு முழுவதும் இதே கூத்துதான். எதிரிகள் என்று வருகிறவர்களைப் பாருங்கள்: காக்கை, ஓடிப்போன நாய், சிடுசிடுக்கும் பெண்மணி, வெறிபிடித்த டாக்சி. ஒரு கட்டத்தில் சுவரில் மாட்டும் நவீன ஓவியமே சண்டைக்கு வரும். நெஸின் நண்பர்களில் ஒருத்தியான போலாவின் ஆயுதம் வாணலி.

அடிபட்டால் உடம்பு தேற ஹாம்பர்கர் சாப்பிடலாம். டெலிபோன் செய்தால் பீட்சாக்காரர் இருக்கிற இடம் தேடிக் கொண்டுவருவார். ஓட்டலில் தங்கினால் காலையில் பத்திரிகையின் தலைப்புச் செய்தியைச் சொல்வார்கள். அதில் நேற்று நெஸ் செய்த காரியமே வந்திருக்கும்.

சிரிக்க வைக்கிற சமாசாரம் இது. ஆனால் சிரிப்பு மட்டும் இருந்திருந்தால் நான்கு நாளில் மறந்திருப்பார்கள்.

முகம் காட்டாத அப்பா

ஆட்டம் தொடங்குமுன் சில கேள்விகள் கேட்கப்படும். பையனுக்கு என்ன பெயர்? நாய்க்கு என்ன பெயர்? பிடித்த சாப்பாடு எது? தோசை என்று எழுதினால், நெஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா தோசை போட்டுத் தூங்க வைப்பாள். வீட்டில் தங்கக் காசு கிடையாது. ஓட்டலில் உண்டு.

நெஸின் அப்பா கடைசி வரை திரையில் தோன்றுவதே இல்லை. எங்கேயோ வேலையில் இருக்கிறார். டெலிபோனில் குரல் மட்டும். ஆனால் மகனுக்குத் தேவையான பணம் தவறாமல் பாங்க் கணக்கில் ஏறிவிடும். மகன் எத்தனை சண்டையில் ஜெயிக்கிறானோ அதற்கேற்ற தொகை. எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று அப்பா டெலிபோனில் சொல்வார். மகன் தானியங்கி இயந்திரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் அதிகம் வைத்துக்கொள்வது ஆபத்து. சண்டையில் விழுந்துவிட்டால் கையிருப்பில் பாதி போய்விடும். பாங்கில் இருப்பது பத்திரம்.

அதுவரை ஆடியதைப் பதிவு செய்து வைப்பதும் அப்பாவின் வேலை. அவருக்கு டெலிபோன் செய்தால்தான் பதிவாகும். நீண்ட நேரம் விடாமல் ஆடினால் அவரே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்.

ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாதம் பிறந்ததும் மணியார்டர் அனுப்பிவிட்டு, இரவுக் கட்டணம் குறையும் நேரத்துக்காகத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நின்றவர்கள் எத்தனை பேர்! ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அப்பா ஒரு குரல்தான், ஒரு தொகைதான். ஜப்பானில் இருந்த விளம்பர எழுத்தாளர் நம்மை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் நெஸின் அப்பா நமக்கு அந்நியர் அல்ல.

நாற்றத்தைக் காட்டி விளம்பரம்

1995 ஜூனில் விளையாட்டு அமெரிக்கா போனது. அதை அங்கே விற்ற விதம் ஒரு தமாஷ். இந்த விளையாட்டு நாறுகிறது என்று விளம்பரம் செய்தார்கள்! சுரண்டி முகர்ந்தால் துர்நாற்றம் வீசும் அட்டைகளைப் பத்திரிகை விளம்பரத்தில் சேர்த்தார்கள். பெரிய பெட்டியில் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் வைத்து விற்றார்கள்.

மக்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சமயம் படங்கள் அச்சு அசலாகத் தெரியும் புதுப்புது விளையாட்டுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில் நெஸ் குழந்தை கிறுக்கிய பொம்மை மாதிரி இருந்தான். விற்பனை ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரத்தோடு நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். ஐரோப்பாவுக்கு அப்போது அனுப்பவே இல்லை.

விடாத ரசிகர்கள்

வாங்கிய சிலர் மட்டும் விடவில்லை. சிறு வயதில் ஆடியவர்கள் வளர்ந்த பிறகும் அதைப் பற்றியே பேசினார்கள். கூட்டம் சேர்த்தார்கள். மறுபடியும் வெளியிடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிக் கம்பெனிக்கு மனுப் போட்டார்கள். சீந்துவாரில்லாமல் கிடந்த விளையாட்டு, பழைய சாமான் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறியது.

மூன்றாவது பாகம் 2006-இல் ஜப்பானில் மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் வரும் என்று காத்திருந்து சலித்த ரசிகர்கள், தாங்களே மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காசு வருமானம் இல்லாத வேலை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதற்குத் தலைமை தாங்கினார்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. 2013-இல் 'மதர் 2' மீண்டும் வெளியானது. ஐரோப்பாவுக்கு அதுதான் முதல் தடவை. 2022 பிப்ரவரியில் முதல் இரண்டு விளையாட்டுகளும் ஸ்விட்ச் என்ற புது இயந்திரத்துக்கு வந்தன. இதற்குள் அதன் விதை வேறு இடங்களில் முளைத்துவிட்டது. 2015-இல் உலகப் புகழ் பெற்ற 'அண்டர்டேல்' விளையாட்டைச் செய்த டோபி பாக்ஸ், இந்த ரசிகர் கூட்டத்தில் வளர்ந்த இளைஞர்தான்.

கடைசிச் சண்டை

இவ்வளவு பேரைக் கட்டிப்போட்டது எது என்பதற்கு விளையாட்டின் முடிவிலேயே பதில் இருக்கிறது.

கடைசியில் கீக் எதிரே நிற்கிறான். அவனுக்கு உருவமே இல்லை. மட்டையால் அடித்துப் பயனில்லை. எந்த வித்தையாலும் அவனை முடிக்க முடியாது. நான்கு சிறுவர்கள், வீட்டிலிருந்து எங்கோ தொலைதூரத்தில், திரும்புவோமா என்பதே தெரியாமல் நிற்கிறார்கள்.

அப்போது போலா பிரார்த்தனை செய்கிறாள். யாராவது எங்களுக்கு உதவுங்கள் என்று. அந்தக் குரல் வழியில் பழகிய மனிதர்களை ஒவ்வொருவராகச் சென்று சேர்கிறது. பாட்டுக் கச்சேரிக்காரர்கள், போலாவின் பெற்றோர், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தோழன். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு ஏதோ ஆபத்து என்று அவர்களும் வேண்டுகிறார்கள். நெஸின் அம்மாவுக்கும் மனதில் படுகிறது. அவளும் வேண்டுகிறாள். ஒவ்வொரு வேண்டுதலும் கீக்கின்மேல் அடியாக விழுகிறது.

அதுவும் போதவில்லை. இன்னும் ஒருவர் வேண்ட வேண்டும். நடுவில் எப்போதோ, கதையோடு சம்பந்தம் இல்லாதது போல, ஆடுகிறவரின் சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் இப்போது திரையில் வருகிறது. எங்கோ ஓர் அறையில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரும் இந்தப் பிள்ளைகளுக்காக வேண்டுகிறார். கீக் அழிகிறான்.

வெற்றி என்று எழுதி அதோடு முடித்திருக்கலாம். இட்டோய் முடிக்கவில்லை. சண்டை ஓய்ந்த பிறகும் ஆட்டம் தொடர்கிறது. இனி எதிரி இல்லை. போலாவை அவள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பிறகு அவசரமில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பழகியவர்களைப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் புதிதாக ஏதாவது சொல்வார்கள். அதற்குப் பிறகு ஓனெட்டுக்குத் திரும்பி, வீட்டுக் கதவைத் திறந்து, அம்மாவிடம் போய்ப் பேசினால்தான் கதை முடியும்.

வழியெல்லாம் ஒரு போட்டோக்காரர் திடீர் திடீரென்று வானத்திலிருந்து இறங்கிப் படம் பிடித்துவிட்டுப் போயிருப்பார். ஆடும்போது அது தொந்தரவாகத் தோன்றும். முடிவில் அந்தப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன. முதலில் போன ஊர், அடிபட்ட இடம், நண்பன் கிடைத்த இடம்.

ஆட்டத்துக்கு மொத்தம் 30 மணி நேரம் ஆகலாம். அவசரப்பட வேண்டாம். நடுவில் அப்பா கூப்பிட்டு ஓய்வெடுக்கச் சொன்னால், நிறுத்திவிட்டு உங்கள் வீட்டுக்கும் ஒரு டெலிபோன் போட்டுவிடுங்கள்.