கோழித்தீவனத் தானியங்களும் அவற்றின் உணவு மதிப்பும்

2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று மலேசிய அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. தனக்கு வேண்டிய கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மலேசியாவிலிருந்து பெற்று வந்த சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைகள்வரை அதன் தாக்கம் எட்டியது. அத்தட்டுப்பாட்டிற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது தீவன விலையேற்றம். கோழி வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே ஆகின்றது. தீவனத்திலோ பெரும்பகுதி தானியமே. மலேசியாவின் தீவன மக்காச்சோளம் ஏறத்தாழ முழுவதும் அர்ஜென்டினா, பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வருகின்றது. அவ்வாறாயின், அதற்கு மாற்றாக வேறு தானியத்தை இடலாகாதா? இவ்வினாவிற்கு விடை காண ஒவ்வொரு தானியத்தின் நிறைகுறைகளையும் அறிதல் வேண்டும்.

மக்காச்சோளத்தின் முதற்சிறப்பு அதன் ஆற்றல். ஒரு கிலோவிலிருந்து கோழி ஏறத்தாழ 3,300 கிலோகலோரி ஆற்றலைப் பெறுகின்றது. மாவுச்சத்து மிகுதி, நார் குறைவு, எண்ணெய் 4 விழுக்காட்டளவு உண்டு. முட்டையின் மஞ்சட்கருவிற்கு நிறம் தருவதும் மஞ்சள் மக்காச்சோளத்தின் நிறமிகளே. ஆயினும் அதன் புரதம் 8 முதல் 9 விழுக்காடுதான். இறைச்சிக் கோழிக்குஞ்சின் தீவனத்திலோ 22 விழுக்காட்டளவு புரதம் தேவை. மேலும், அப்புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. இக்குறையை நிரப்பவே சோயா புண்ணாக்கு சேர்க்கப்படுகின்றது. 1964இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார், ஒருவகை மக்காச்சோளத்தில் லைசின் இயல்பைக் காட்டிலும் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர். ஒரே தானியமாயினும் வகைக்கு வகை உணவு மதிப்பு வேறுபடும் என்பதற்கு இது தக்க சான்று.

மற்றத் தானியங்களுக்கும் தத்தம் இயல்புகள் உண்டு. வெண்சோளம் ஆற்றலில் மக்காச்சோளத்தை நெருங்கி நிற்பது. ஆனால் நிறமி குறைவாதலின் மஞ்சட்கரு வெளிறும். செந்நிறச் சோள வகைகள் சிலவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கும். கம்பில் புரதமும் லைசினும் மக்காச்சோளத்தினும் மிகுதி. கோதுமையில் புரதம் மிகுந்திருப்பினும், அதன் நார்ப்பொருள் குடலில் பசைபோல் குழைந்து சத்து உறிஞ்சப்படுவதை மந்தப்படுத்தும். ஆதலின் உரிய நொதியைச் சேர்த்தே இடுவர். குருணை அரிசி எளிதில் செரிக்கும். எண்ணெயும் நிறமியும் அதில் குறைவு. தானியங்களிலுள்ள பாஸ்பரசில் மூன்றில் இரு பங்கு பைட்டேட் வடிவில் கட்டுண்டு கிடப்பதால், அதனைக் கோழி முழுமையாகப் பயன்கொள்ள இயலாது. இதற்கும் நொதியே துணை.

தானியத்தின் மதிப்பு அதன் வகையை மட்டுமன்றி, அதனைப் பதப்படுத்தும் முறையையும் பொறுத்தது. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவை கோழிகளே. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்று ஜக்கார்த்தா எனப்படும் பத்தாவியாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன் தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவற்றிற்கு மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுக்கவே, தீட்டாத அரிசி இடப்பட்டது, கோழிகள் நலமடைந்தன. தீட்டும்போது தவிட்டோடு நீங்குவது இன்றியமையாத ஒரு சத்து என்பதைப் பின்னர் 1901இல் கெரித் கிரெய்ன்ஸ் விளக்கினார். தயமின் எனப்படும் அச்சத்து 1926இல் பத்தாவியாவிலேயே தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிட்டிற்று.

இவ்வரலாறு நம் மக்களையும் தொடுகின்றது. அக்கால மலாயாவில் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோயால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாயிருந்ததை மருத்துவர் பிராடன் எடுத்துக்காட்டினார். உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிமணிக்குள் ஊறிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினும் முற்றிலும் நீங்குவதில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் ஆகியோர் தொழிலாளரிடையேயும் கோழிகளிடத்தும் சோதித்து இதனை உறுதிசெய்தனர். காரணம் அறியாமலே நம் முன்னோர் கைக்கொண்ட சமையல்முறை அவர்தம் உயிரைக் காத்தது.

எனவே, தனித்த எந்தத் தானியமும் முழுமையான தீவனமாகாது. மலிவு என்பதற்காக மக்காச்சோளத்தை நீக்கிக் குருணையையோ சோளத்தையோ இடுவோர், அதனால் குறையும் புரதத்தையும் நிறமியையும் தாதுவையும் வேறு வழியில் ஈடுசெய்தல் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டுச் செய்யின் மாற்றுத் தானியங்கள் பயன் தரும். கணக்கின்றிச் செய்யின் வளர்ச்சியும் முட்டையும் குன்றும். மாணவர்கள் வீட்டிலுள்ள பச்சரிசி, புழுங்கலரிசி, தவிடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து நோக்குவார்களாயின், இவ்வுரை கூறும் பாடத்தின் முதற்பகுதி அங்கேயே விளங்கும்.