அச்சுப்பொறிக்கு எண் வழங்குவது யார்? டோனர் அளவு முதல் பக்கக் கணக்கு வரை

பல தளங்கள் கொண்ட ஒரு பெரிய அலுவலகத்தில் எந்த அச்சுப்பொறியில் டோனர் தீரப்போகிறது, எதில் காகிதம் சிக்கியுள்ளது, இதுவரை எத்தனை பக்கங்கள் அச்சாகியுள்ளன என்பதையெல்லாம் ஒரே கணினித் திரையில் பார்க்க முடிகிறது. அச்சுப்பொறிகள் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளாக இருந்தாலும் இது சாத்தியமாகிறது. அவை அனைத்தும் ஒரே எண்ணுக்கு ஒரே பொருள் கொள்வதே காரணம். அந்த எண்களை யார், எந்த விதியின்படி ஒதுக்குகிறார்கள் என்பது பலரும் அறியாதது. 'பக்கத்துக்கு இவ்வளவு' என்ற ஒப்பந்தத்தில் அச்சுப்பொறிகளை வாடகைக்கு எடுக்கும் அலுவலகங்களுக்கு இது நேரடியாகப் பணம் சார்ந்த விஷயமும் ஆகும்.

வலையமைப்பில் உள்ள கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக 1980-களின் இறுதியில் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை உருவாக்கப்பட்டது. கண்காணிக்கும் கணினி கேள்வி கேட்கும். கருவி பதில் தரும். கேள்வியில் 'டோனர்', 'பக்கம்' போன்ற சொற்கள் எதுவும் இருக்காது. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட எண் மட்டுமே செல்லும். எடுத்துக்காட்டாக, மீதமுள்ள டோனரின் அளவை அறிய 1.3.6.1.2.1.43.11.1.1.9 எனத் தொடங்கும் எண் அனுப்பப்படுகிறது.

இந்த எண்ணை, கிளை பிரிந்து செல்லும் மரமாக இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். முதலில் உள்ள 1, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ. அடுத்த 3, அந்த அமைப்பு அங்கீகரித்த நிறுவனங்களுக்கான கிளை. 6 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அத்துறையின் ஆய்வுத் திட்டத்திலிருந்தே இணையம் வளர்ந்தது என்பதன் தடயம் இன்றும் ஒவ்வொரு அலுவலக அச்சுப்பொறியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்த 1 இணையத்தையும், 2.1 பொதுவான மேலாண்மைத் தரநிலைகளையும், 43 அச்சுப்பொறியையும் குறிக்கின்றன.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. தனக்குக் கீழே எந்த எண் எதற்கு என்பதை அவரே முடிவு செய்வார். ஒரு பொருளுக்குத் தந்த எண்ணைப் பின்னர் வேறொன்றுக்கு மாற்றித் தரக் கூடாது என்பதே அடிப்படை விதி. இந்த மரத்தில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. நாட்டின் கிளை 2.16.356; அதன் கீழுள்ள 100, சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளருக்கு உரியது. இந்தியாவில் வழங்கப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்களைத் திறந்து பார்த்தால் 2.16.356.100 எனத் தொடங்கும் எண்களைக் காணலாம்.

அச்சுப்பொறிக்கான 43-ஆம் கிளையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 1995 மார்ச் மாதம் ஆர்எஃப்சி 1759 என்ற ஆவணத்தில் வரையறுத்தது. அதை எழுதியவர்கள் முன் ஒரு சிக்கல் இருந்தது. புதிய அச்சு மொழியோ புதிய அச்சிடும் முறையோ வரும்போதெல்லாம் அதற்கு ஓர் எண் தேவைப்படும். அதற்காக ஒவ்வொரு முறையும் முழுத் தரநிலையையும் திருத்தி வெளியிடுவது எளிதல்ல. எனவே எண் பட்டியல்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகையில் புதிய எண் சேர்க்கத் தரநிலையையே திருத்த வேண்டும். இரண்டாம் வகையில் வல்லுநர் குழுவின் பரிசீலனை போதும். மூன்றாம் வகையில் பரிசீலனையின்றிப் பதிவு செய்துகொள்ளலாம்.

2004 ஜூன் மாதம் வெளியான ஆர்எஃப்சி 3805 இன்னும் ஒரு படி மேலே சென்றது. வளரக்கூடிய பட்டியல்கள் தரநிலையிலிருந்து பிரிக்கப்பட்டு, இணைய எண்களை ஒதுக்கும் ஐஏஎன்ஏ அமைப்பின் பராமரிப்பில் விடப்பட்டன. அச்சு மொழிகளின் பட்டியலில் பிசிஎல் 3, போஸ்ட்ஸ்கிரிப்ட் 6, பிடிஎஃப் 54. நாளை பிசிஎல் வழக்கொழிந்தாலும் 3 வேறெந்த மொழிக்கும் போகாது.

எழுத்துருக் குறியாக்கங்களுக்கும் இவ்வாறே எண்கள் உள்ளன. அச்சுப்பொறி தன் செய்திகளை எந்தக் குறியாக்கத்தில் காட்டுகிறது என்பதைத் தெரிவிக்க ஓர் எண் தேவைப்பட்டது. ஐஏஎன்ஏ-வின் குறியாக்கப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த எண் இன்றும் இடம்பெறுகிறது. ஆஸ்கிக்கு 3, யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு 106. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ் இணையப் பக்கங்களில் புழங்கிய திஸ்கிக்கும் 2107 என்ற எண் உண்டு. திஸ்கியின் பயன்பாடு அருகிவிட்டது. எண் அப்படியே இருக்கிறது.

பொதுத் தரநிலையில் இல்லாத விவரங்களுக்காக 1.3.6.1.4.1 என்ற தனிக் கிளை ஒதுக்கப்பட்டுள்ளது. எந்த நிறுவனமும் ஐஏஎன்ஏ-விடம் விண்ணப்பித்து, கட்டணமின்றி, வரிசைப்படி இதில் ஓர் எண் பெறலாம். ஹெச்பி 11, ஜெராக்ஸ் 253, எப்சன் 1248, கேனான் 1602, பிரதர் 2435 ஆகிய எண்களைப் பெற்றுள்ளன. இதுவரை வழங்கப்பட்ட எண்கள் 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. தன் எண்ணுக்குக் கீழே என்ன வைப்பது, அதன் பொருளை வெளியிடுவதா வேண்டாமா என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம்.

வாடகை ஒப்பந்தங்களில் சிக்கல் தொடங்குவது இங்குதான். அச்சுப்பொறி தன் ஆயுளில் இதுவரை அச்சிட்ட மொத்த எண்ணிக்கை பொதுக் கிளையில், 43.10.2.1.4 என்ற இடத்தில் கிடைக்கும். ஆனால் வண்ணப் பக்கம் எத்தனை, கறுப்பு வெள்ளை எத்தனை, நகலெடுத்தது எத்தனை என்ற பிரிவுகளைப் பெரும்பாலும் நிறுவனங்கள் தத்தமது தனிக் கிளையிலேயே வைக்கின்றன. வண்ணப் பக்கத்துக்குக் கூடுதல் கட்டணம் என்னும்போது, தனிக் கிளையின் எண்கள் தெரியாத அலுவலகம் ஒப்பந்ததாரர் தரும் கணக்கையே நம்ப வேண்டியுள்ளது.

மொத்த எண்ணிக்கையிலும் கவனம் தேவை. அதற்கு முந்தைய இடமான 43.10.2.1.3, எண்ணும் அலகு எது என்பதைச் சொல்கிறது. அங்கே 7 என்றால் அச்சிட்ட பக்கங்கள். 8 என்றால் தாள்கள். ஒரே தாளில் இருபுறமும் அச்சிட்டால் முதல் கணக்கில் இரண்டு, அடுத்த கணக்கில் ஒன்று. டோனர் அளவிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. -2 என்ற பதில் அளவு தெரியவில்லை என்பதையும், -3 என்ற பதில் இன்னும் சிறிதளவாவது மீதமுள்ளது என்பதையும் குறிக்கும். இதைக் கருத்தில் கொள்ளாமல் எழுதப்பட்ட மென்பொருள், பூஜ்யத்துக்கும் கீழான டோனர் இருப்பைத் திரையில் காட்டிவிடும்.

பல நிறுவனங்கள் இணைந்த பிரிண்டர் ஒர்க்கிங் குரூப் என்ற கூட்டமைப்பு, தனது 2699 என்ற எண்ணின் கீழ், நகல், அச்சு, ஸ்கேன் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு தரும் பொதுவான முறை ஒன்றை வகுத்துள்ளது. அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. எனவே தேவையான கணக்குகள் எந்த எண்களில் கிடைக்கும், அவற்றின் அலகு என்ன என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதுதான் அலுவலகங்களுக்கு இப்போதுள்ள வழி.