அறுபது நாழிகையில் இரண்டு நாழிகை

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் பெரும்பாலும் தாயைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். பாலூட்டுவதும், நீராட்டுவதும், பல் முளைக்கும் நாட்களில் இரவெல்லாம் விழித்திருப்பதும் தாயின் கடமை; பொருளீட்டுவது தந்தையின் கடமை என்று பங்கு பிரித்துவிட்டோம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இவ்வெண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. இப்பங்கீடு குழந்தைக்கு நன்மை தருகிறதா என்பதைச் சற்று ஆராய்வோம். அதற்குப் பேத்தமங்களாவும் அதனை அடுத்த கோலார் தங்கவயலும் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

சங்கு ஊதிய காலம்

பேத்தமங்களா பாலாற்றங்கரை ஊர். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இங்கே ஏரியாக நிறைந்து, பின்னர் ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எனத் தமிழ்நாட்டுக்குள் செல்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கச் சுரங்கப் பணியில் இறங்கிய பின்னர், வடார்க்காட்டு மக்கள் அந்த ஆறு இறங்கும் திசைக்கு எதிராக ஏறிவந்து தங்கவயலில் குடியேறினர். சேலம் பக்கத்திலிருந்தும் பலர் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேத்தமங்களாவில் நீரேற்று நிலையம் அமைந்தது. ஏரி நீர் தூய்மை செய்யப்பெற்றுக் குழாய் வழியே தங்கவயல் மக்களைச் சென்றடைந்தது.

அந்நாளில் வீட்டின் கடிகாரம் சுரங்கத்துச் சங்குதான். தகப்பன் ஷிப்ட் முறையில் பூமிக்குள் இறங்குவான். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பாறை வெடிப்பின் அச்சம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் பகலில் உறங்கவேண்டும். ஒற்றை அறை லைன் வீட்டில் குழந்தை ஓசையின்றி விளையாடவேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓசையின்றி விளையாடத் தெரியுமோ! தாய் அதனை இடுப்பில் சுமந்துகொண்டு வெளித் திண்ணைக்குப் போவாள். அண்டை வீட்டு ஆயா கைநீட்டி வாங்கிக்கொள்வாள். இவ்வாறு பலர் கைகளில் வளர்ந்த குழந்தைக்குத் தந்தை உறங்குகின்ற மனிதராகவே அறிமுகமானார்.

ரயில் காலம்

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கின் இடத்தை ரயில் பிடித்துக்கொண்டது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில்களில் நாள்தோறும் மக்கள் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். பேத்தமங்களாவிலோ ரயில் நிலையம் இல்லை. பேருந்தில் சென்றே ரயிலைப் பிடிக்கவேண்டும். ஆகவே காலை 5.30 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவு 8.30 மணிக்குத் திரும்புகின்ற ஒரு தகப்பனை எண்ணிப் பாருங்கள். சில வீடுகளில் தாயும் அவ்வாறே செல்கிறாள். குழந்தை ஆயாவின் பொறுப்பில் இருக்கிறது.

நம் முன்னோர் நாளொன்றை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு வயது முடிந்து மூன்று வயது ஆகாத குழந்தை, பகல் துயிலையும் சேர்த்து, நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் உறங்கவேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அஃதாவது ஏறத்தாழ 28 முதல் 35 நாழிகை. நாம் கூறிய தகப்பன் வீட்டில் இல்லாத நேரமோ முப்பத்தேழரை நாழிகை! அவன் புறப்படும்போது குழந்தை உறங்குகிறது, திரும்பும்போதும் உறங்கிவிடுகிறது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அவனுக்குக் கிட்டும் பங்கு என்ன? வார நாட்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதன் விளைவை ஞாயிற்றுக்கிழமை காணலாம். தந்தை ஆசையோடு கைநீட்டுகிறார். குழந்தை தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறது. அவருக்கு மனம் நோகிறது. உடனே கடைக்குச் சென்று பொம்மையும் மிட்டாயும் வாங்கி வருகிறார். குழந்தை மிட்டாயை வாங்கிக்கொள்கிறது. மடிக்கு மட்டும் வருவதில்லை. குற்றம் குழந்தையுடையதன்று. பழக்கமே அன்புக்குப் பாதை. அப்பாதை நாள்தோறும் நடந்து பழகிய பாதையாக இருத்தல் வேண்டும்.

இரண்டு நாழிகை போதும்

நேரமே இல்லாதவர் என் செய்வது? வழியுண்டு. உறக்கத்தின் மொத்த அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால், உறங்கும் வேளையைச் சிறிது மாற்றலாம். பிற்பகலில் இரண்டு மணி நேரம் உறங்கிய குழந்தை, இரவு 9.30-க்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுந்தால் பதினொன்றரை மணி நேர உறக்கம் நிறைந்துவிடும். தந்தைக்கு இரண்டு நாழிகை கிடைத்துவிடும்.

அந்த இரண்டு நாழிகையை எவ்வாறு செலவிடுவது? முதல் நாழிகை சோற்றுக்கும் விளையாட்டுக்கும். தந்தை கைகால் கழுவிக்கொண்டு, குழந்தைக்குத் தாமே குழைத்த சோற்றையோ கேழ்வரகுக் கஞ்சியையோ ஊட்டட்டும். பாதி சிந்தும், மீதியில் பாதியைத் துப்பும். “போதும்” என்று வாயை மூடிக்கொண்டால் வற்புறுத்தவேண்டுவதில்லை. தாய் நாள்தோறும் படும் பாடு அன்றுதான் அவருக்கு விளங்கும். அந்நேரத்தில் தாய் சற்றே முதுகைச் சாய்த்துக்கொள்ளட்டும். பகல் முழுதும் பிஞ்சின் பின்னால் ஓடியவளுக்கு அந்த ஒரு நாழிகை ஓய்வு சிறிய பரிசன்று.

இரண்டாம் நாழிகை கதைக்கு. பேத்தமங்களாத் தெருவில் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன, அங்கன்வாடியில் கன்னடம். குழந்தை மூன்று மொழிகளையும் கலந்து ஒரே வாக்கியத்தில் பேசும். அஞ்சவேண்டா. பல மொழி கேட்டு வளரும் குழந்தைகள் அவ்வாறு கலந்து பேசுதல் இயல்பே. வளர வளரத் தாமே பிரித்தறிந்துகொள்ளும். இரண்டு வயது நிறைந்த பின்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தையை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைச் சோதித்தல் வேண்டும். பல மொழிகளின் மேல் பழி போடுதல் ஆகாது. ஆயினும் நாம் பேசாத தமிழைக் குழந்தை தானே கற்றுக்கொள்ளாது. காக்கை கதையானாலும் நரி கதையானாலும், தந்தை சொல்லக் குழந்தை இடைமறித்து வினவ, அவர் விடைகூற வளர்வதே மொழி. கைபேசியில் ஓடும் படம் குழந்தையின் வினாவிற்கு விடை கூறுவதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கு அத்தகைய திரைப்பொழுது வேண்டவே வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்றும் மேற்சொன்ன நெறிமுறையே உரைக்கிறது.

தவிர்க்கவேண்டியவை

தாய்மாரும் ஆயாமாரும் ஒன்றை அருள்கூர்ந்து விட்டுவிட வேண்டும். குழந்தை அடம்பிடித்தால், “அப்பா வரட்டும், சொல்லுகிறேன்” என்று அச்சுறுத்துகிறோம். பகலெல்லாம் காணாத ஒருவரைக் குழந்தை முதன்முதலில் தண்டனையாகவே அறிந்துகொள்கிறது. களைத்து வந்தவரும் வாசலிலேயே வழக்கு விசாரிக்க நேர்கிறது. அடம் பிடித்த அப்பொழுதே, அங்கிருப்பவரே, அமைதியாகக் கண்டித்து முடித்துவிடுதல் நன்று. தாய் மறுத்ததை ஆயா கொடுப்பதும், ஆயா மறுத்ததைத் தந்தை கொடுப்பதும் ஆகா. வீட்டுக்கு ஒரே சட்டம் இருக்கட்டும்.

தந்தையரும் ஒன்றை விடவேண்டும். விழித்திருக்கும் குழந்தையை ஏமாற்றிவிட்டு, அது வேறுபக்கம் பார்க்கும்போது நழுவிச் செல்லாதீர்கள். அவ்வாறு ஏமாந்த குழந்தை மறுநாள் இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். “போய்விட்டு வருகிறேன், இரவு கதை சொல்லுகிறேன்” என்று சொல்லிச் செல்லுங்கள். அழும், ஆனால், சொன்னபடி திரும்பி வருகிறவர் என்று நம்பக் கற்றுக்கொள்ளும்.

கடல் கடந்து வேலை செய்யும் தந்தையருக்கும் இது பொருந்தும். கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதற்கு நாள்தோறும் ஒரே வேளையை வகுத்துக்கொண்டால், குழந்தை அவ்வேளையை எதிர்பார்க்கப் பழகிவிடும். என்றோ ஒருநாள் இரண்டு மணி நேரம் பேசுவதைக் காட்டிலும் நாள்தோறும் பத்து நிமிடம் பேசுவது மேல்.

பேத்தமங்களா ஏரி எத்துணைப் பெரிதாயினும், அதன் நீர் தங்கவயல் வீடுகளுக்குச் சிறு குழாய்களின் வழியே, நாளும் வேளையும் வகுத்தே சென்றது. தந்தையின் அன்பும் அவ்வாறே சென்று சேரட்டும். மழலையும் தத்துநடையும் சில ஆண்டுகளே நிற்பவை. ஓய்வுபெற்ற பின்னர் அவற்றை நாம் திரும்பப் பெற முடியாது. ஆதலின் அன்பர்களே, அறுபது நாழிகையில் இரண்டு நாழிகையை இன்றிரவு தொடங்கியே உங்கள் குழந்தைக்கென ஒதுக்கிவைப்பீர்களாக.