வானூர்தியின் எஃகு நெஞ்சம்

இரும்பு உறுதியானது என்கிறோம். ஆனால் எல்லா உறுதியும் ஒரே வகையன்று. அரிவாளை மிகக் கடினமாக்கினால் அதன் வாய் உடைந்து தெறிக்கும். மென்மையாக விட்டால் விரைவில் மழுங்கிப் போகும். இரண்டுக்கும் நடுவே வழி காண்பதே கொல்லரின் தோய்ச்சல் கலை. சிறு விமானங்களின் எஞ்சின் சிலிண்டரைச் செய்வோருக்கும் இதே சிக்கல் உண்டு. அதை அவர்கள் எவ்வாறு தீர்க்கின்றனர் என்பதைக் காண்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்போர்ட் நகரில் லைக்கமிங் எஞ்சின்கள் உருவாகின்றன. உலகெங்கும் விமானம் ஓட்டப் பயில்வோர் நன்கறிந்த செஸ்னா 172 விமானத்தில், 1968ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து லைக்கமிங் ஓ-320 எஞ்சின் பொருத்தப்பட்டது. அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டமும் சுமார் 130 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 முறை சுழலும்போது, பிஸ்டன் ஒரு நொடியில் 45 முறை மேலேறி 45 முறை கீழிறங்குகிறது. உள்ளே எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 டிகிரி செல்சியசை எட்டும். விமானத்துக்கு இருப்பதோ ஒரே எஞ்சின். அது நின்றால் உதவிக்கு வேறொன்றில்லை!

ஆகவே சிலிண்டரின் உட்சுவர் தேயாத கடினமுடையதாகவும், உடல் விரிசல் காணாத வலிமையுடையதாகவும் இருத்தல் வேண்டும். இதற்கெனக் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் கலந்த எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்குகின்றனர். அதைச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கி வலிமையூட்டுவர். பின்னரே கடைசல் எந்திரத்தில் ஏற்றி, காற்றால் குளிர்வதற்கான மெல்லிய வளையங்களை வெளிப்புறத்தில் வெட்டுவர். உட்புறத்தைச் சாணை பிடிப்பர். மேல்முனை மிகுதியாகச் சூடாகி விரியுமாதலால், அப்பகுதியைச் சற்றே குறுக்கி வைப்பர்.

வடிவம் முடிந்த பிறகே மேற்பரப்பைக் கடினமாக்குகின்றனர். அடைத்த உலையில், சுமார் 500 டிகிரி வெப்பத்தில், அம்மோனியா வாயுவைப் பல மணி நேரம் செலுத்துவர். சூடான எஃகின்மீது அம்மோனியா பிரிந்து, அதிலுள்ள நைட்ரஜன் எஃகினுள் ஊறிக் குரோமியத்துடன் கூடுகிறது. அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கடினத் தோல் ஒன்று உண்டாகிறது. சாதாரண அரம் அதன்மீது வழுக்கிச் செல்லும்! உள்ளுடல் பழைய வலிமையோடே இருக்கிறது. திடீரெனக் குளிர்விக்காததால் அளவும் அதிகம் மாறுவதில்லை. நைட்ரைடிங் எனப்படும் இம்முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அடால்ஃப் மாக்லெட்டும், 1920-களில் ஜெர்மனியின் குருப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரையும் வளர்த்தனர்.

இந்த வரிசை மாறலாகாது. முதலில் கடினமாக்கினால் வெட்டும் உளி தோற்கும். பின்னர் அதிகம் தேய்த்தால் அருமையாய்ப் பெற்ற தோல் போய்விடும். எனவே இறுதியில் நுண்ணிய கற்களால் இலேசாகத் தேய்த்து, எண்ணெய் தங்குவதற்கான குறுக்குக் கோடுகளை மட்டும் இடுகின்றனர்.

இத்தனை பாடுபட்டுச் செய்த சிலிண்டருக்கும் ஒரு பகை உண்டு. பறக்காமல் நெடுநாள் கிடந்தால், எண்ணெய் வடிந்த உட்சுவரில் துரு ஏறும். நெருப்பைத் தாங்கும் எஃகையும் சோம்பல் அரித்துவிடுகிறது என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.