பெயர் வெட்டிய செம்பு

விளக்கு என்பது ஒளி தரும் பொருளுக்குப் பெயர். பாத்திரத்தைத் துலக்கு என்பதற்கும் அதுவே சொல். ஆசிரியர் பாடத்தில் செய்வதும் அதுவே. பித்தளையைப் புளியிட்டுத் தேய்த்தவர்க்கு இம்மூன்றும் ஒரே சொல்லாய் நிற்பதில் வியப்புத் தோன்றாது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் பித்தளை விரைவில் கறுக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொட்டும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அதே ஈரம், லயத்து அடுப்புப் புகையோடு சேர்ந்து குத்துவிளக்கின் முகத்தையும் கருக்கிவிடுகிறது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு காற்றோடு கூடிப் படியும் கருமையைப் புளியிலுள்ள அமிலம் கரைத்தெடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கிருந்தால் முதலில் வெந்நீரும் சீயக்காயும் வேண்டும். பிசுக்கின்மேல் புளி பற்றாது.

உப்பைச் சேர்த்தால் வேலை விரைவாகும். ஆயின் நன்றாய்க் கழுவாமல் விட்டால் அவ்வுப்பே பச்சைக் களிம்பாய்த் திரும்பி வரும். இரவெல்லாம் புளியில் ஊறப் போடுவதும் தவறு. துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பின் சிவப்பு வெளிப்பட்டுவிடும். சமையலுக்காக உள்ளே ஈயம் பூசிய பாத்திரமாயின் உட்புறத்தைச் சுரண்டவே கூடாது.

இவையெல்லாம் பாட்டிமார் அறிந்தவையே. எனக்குக் கவலை வேறொன்றில். சீர்வரிசைச் செம்பின் கழுத்திலும் குடத்தின் தோளிலும் பெயர் வெட்டுவது நம்மவர் வழக்கம். கடல் கடந்து மலையேறிய குடும்பம் பலவற்றுக்கு, முன்னோர் பெயரும் பிறந்த ஊரும் எழுத்தாய் எஞ்சியது அங்கேதான். 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர் என்று கணக்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் சிலரோடு போன பாத்திரங்களும் உண்டு, தங்கிய உறவினரிடம் நின்றவையும் உண்டு. இந்த எழுத்துகளைத்தான் தீபாவளிக்குத் தீபாவளி செங்கற்பொடியால் தேய்க்கிறோம்! பளபளப்பு வருகிறது, ஒவ்வொரு முறையும் உலோகம் மயிரிழையளவு குறைகிறது. ஆண்டுகள் பல சென்றபின் 'முனியம்மாள்' என்றிருந்த இடத்தில் மெல்லிய கீறல் மட்டுமே எஞ்சும்.

ஆதலால் பெயருள்ள பகுதிக்குச் செங்கல்லும் மணலும் தேங்காய்த் தும்பும் ஆகா. புளிக்கரைசலை விரலால் தடவி, சிறிது நேரத்தில் பீலித் தண்ணீரில் அலம்பி, பருத்தித் துணியால் ஒற்றி, அடுப்பின் வெம்மையில் ஈரம் போக்கித் துளித் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். எழுத்தின் குழிகளில் சற்றுக் கருமை தங்கினால் தங்கட்டும். படிப்பதற்கு அதுவே மை.