சதுப்பு நிலத்தில் ஒரு பந்தயத் திடல்

ஃபார்முலா ஒன் என்றதும் எல்லாரும் மொனாக்கோவைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஆண்டர்ஸ்டார்ப் என்பேன். தெற்கு ஸ்வீடனில், ஸ்மோலாந்து காடுகளுக்கு நடுவே, ஐயாயிரம் பேர் அளவில் வாழும் ஊர். சின்னச் சின்னப் பட்டறைகள்தான் பிழைப்பு. அங்கே 1968இல் சதுப்பு நிலத்தின் மேல் நாலு கிலோமீட்டர் பந்தயத் தடம் போட்டார்கள். அதன் நீண்ட நேர்பாதை விமான ஓடுதளமும்கூட! கார்களைப் பழுது பார்க்கும் இடமோ, புறப்படும் கோட்டருகே இல்லாமல் எங்கோ தள்ளி இருந்தது.

1973 முதல் 1978 வரை ஆறு ஸ்வீடிஷ் கிராண்ட் பிரீ பந்தயங்கள் இங்கே நடந்தன. விசித்திரக் கார்களுக்கு ராசியான இடம். முன்னால் நாலு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு என்று ஆறு சக்கரத்தோடு ஓடிய டிரெல் அணியின் கார், தன் ஒரே வெற்றியை 1976இல் இங்கேதான் பெற்றது. ஓட்டியவர் ஜோடி ஷெக்டர். 1978இல் பிராபம் அணி, காரின் பின்புறம் பெரிய மின்விசிறி போன்ற ஒன்றை மாட்டி வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கத்தான் என்று சாதித்தார்கள். யார் நம்புவது? அடியிலுள்ள காற்றை உறிஞ்சி, காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதை ஓட்டிய நிக்கி லாடா அனாயாசமாக ஜெயித்தார். அந்தக் கார் மறுபடி பந்தயத்துக்கு வரவேயில்லை.

அதே ஆண்டு ஸ்வீடனின் இரு நட்சத்திர ஓட்டுநர்கள் மறைந்தார்கள்: ரோனி பீட்டர்சன் மோன்சா விபத்தில், குன்னார் நில்சன் புற்றுநோயில். அதன்பின் ஸ்வீடனில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கவில்லை.